இரண்டு ஹாரன்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு அந்த முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பதினொரு மணிக்கு அவர்களில் ஒருவரைத் தவிர யாரும் இருந்த இடத்தில் இல்லை.

சுவரோரக் கட்டிலில் கண்ணாடிக்காரன். ஜன்னல் கண்ணாடிகளைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன். இடது கால் முழங்காலுக்குக் கீழே இப்போது இல்லை. மிச்சம் இருந்ததை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்திருந்தான். ஊன்றுகோல் கைக்கு எட்டும் தூரத்தில் சாய்ந்திருந்தது. கட்டிலின் காலடியில், தரையில் சம்மணம் போட்டு பெல்லு. சுமை சைக்கிள்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளர். வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர்.

எதிரே, வாசலை ஒட்டி இரும்பு நாற்காலியில் டேங்கர். தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். இஸ்திரிக்காரியின் கூடப்பிறந்த அண்ணன். கண்ணாடிக்காரனின் கால்மேல் ஏறியது அவர் ஓட்டிய லாரிதான். மேல்வரிசையில் அவருக்கு இரண்டு பல் இல்லை. ஏறிய அரைமணி நேரத்தில் சைக்கிள்காரர்கள் அவரை வண்டியிலிருந்து இழுத்துப் போட்டு உடைத்தது. அவர் பக்கத்தில் முக்காலியில் கியர். லாரி ஓட்டுநர் சங்கத் தலைவர். தேய்க்கக் கட்டி வைத்திருந்த துணி மூட்டைகளின் மேல், வேறு இடமில்லாமல், டேங்கரின் மனைவி.

ஆறாவது ஆள் இஸ்திரிக்காரி. கண்ணாடிக்காரனின் மனைவி. அந்த அறைதான் அவர்கள் வீட்டின் முன்னறை, அதுதான் அவள் கடையும். அதனால் அவள் உட்காரவில்லை. மேஜைக்குப் பின்னால் நின்று ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சண்டை வருகிறது என்பதற்காக ஓட்டல்காரன் விரிப்பை நாளைக்கு வாங்கிக்கொள்வானா என்ன?

மேஜையின் ஒரு மூலையில், தண்ணீர் தெளிக்கிற சொம்புக்குப் பக்கத்தில், நான்கு பக்கப் படிவம் ஒன்று இருந்தது. விபத்து விசாரணை அலுவலகத்திலிருந்து வந்தது. சம்பவ நேரத்தில் சாலையோரம் இருந்த ஒரே சாட்சி என்பதால் அவள் கையாலேயே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். கடைசி நாள் திங்கட்கிழமை. அதாவது நாளை.

தப்பு லாரிமேல் என்று அவள் எழுதினால் அண்ணனின் லைசென்ஸ் போகும், சிறையும் வரும். தப்பு சைக்கிள்மேல் என்று எழுதினால் புருஷனுக்கு நஷ்டஈடு கிடையாது. அதோடு நிற்காது. சைக்கிள்காரனும் லாரிக்காரன்போல லைசென்ஸ் எடுக்க வேண்டும், நம்பர் பலகை மாட்ட வேண்டும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், சிவப்பு விளக்கைத் தாண்டினால் லாரிக்கு உள்ள அதே அபராதம் என்று நகரசபை ஒரு சட்டத்தை எழுதி வைத்துக்கொண்டு, இந்த விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தது. ஆகவே ஒரு காலும் ஒரு லாரியும் பற்றிய கதை ஊரில் பாதிப்பேரின் கதையாகிவிட்டது. விபத்துக்கு மறுநாள் லாரிக்காரர்கள் சைக்கிள் நிறுத்தத்துக்குள் புகுந்து பதினோரு சைக்கிளை அப்பளம் மாதிரி நசுக்கிவிட்டுப் போனார்கள். அதற்கு மறுநாள் நான்கு லாரிகளின் முன்கண்ணாடி போயிற்று. ஒரு கிளீனருக்கு ஒரு கண் போயிற்று. இதெல்லாம் பதினெட்டு நாளுக்குள்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றார் கியர். "லாரி நிக்கிற விளக்குல சைக்கிள் ஏன் நிக்காது? உனக்கு மட்டும் அந்த சிவப்பு பச்சையாவா தெரியுது?"

"அண்ணே, நீங்க சீட்ல உக்காந்துக்கிட்டு நிக்கறீங்க," என்றான் பெல்லு. "நாங்க எப்படி நிக்கறதாம்? ஆளு உசரத்துக்கு மூணு கண்ணாடி, மரச்சட்டம், கம்பளம், எல்லாம் இடது பக்கம். நின்னா கால் ஊனணும். இடது கால் ஊன இடமில்ல, கண்ணாடி இருக்கு. வலது கால் ஊனினா கண்ணாடி இடது பக்கம் இழுத்துக்கிட்டு சாயும். காத்து அடிச்சா முடிஞ்சது கதை. அந்த இறக்கத்துல ஒருதரம் நின்னு காட்டுங்க, என் சங்கப் பதவிய உங்களுக்கே எழுதித் தரேன்."

"அப்ப கண்ணாடிய வேன்ல ஏத்து."

"வேன் வாங்கிக் குடுங்க."

"பாத்தியா! லைசென்ஸ் வேணாம், வரி வேணாம், ஆனா வேன் மட்டும் வேணும்!"

"ஒரு விஷயம் சொல்லுங்க," என்றான் பெல்லு, விடாமல். "நம்பர் பலகை மாட்டுன்னு சொல்றீங்களே, எங்க மாட்டறது? கண்ணாடி மேலயா? என் முதுகிலயா? நாளைக்கு நடந்து போறவனுக்கு நெத்தியில ஒட்டுவீங்களா?"

டேங்கர் முதல்முறையாக வாய் திறந்தார். பல் போன இடத்தில் காற்றுப் போனது. "டேய் பெல்லு, போன வருஷம் உங்க ஆளு ஒருத்தன் என் பக்கக் கண்ணாடிய இடிச்சு ஒடச்சிட்டுப் போனான். நான் யார் பேர்ல எழுதிக் குடுக்கறது? 'நீலச் சட்டை, வேகமா போனாரு'ன்னா? நான் தப்பு பண்ணா என் நம்பரு ஊருக்கே தெரியும். கண்ணப் பரிசோதிக்கறான், காதப் பரிசோதிக்கறான், மூத்திரத்தக்கூட விடல. உன்ன எவன் பரிசோதிச்சான்?"

"உங்க வண்டி ஏறினா எங்களுக்குக் கால் போவுதுங்க. எங்க வண்டி மோதினா உங்க லாரிக்கு என்ன போவும்? தூசி போவும். ரெண்டுக்கும் ஒரே அபராதமா?"

இஸ்திரிக்காரி விரிப்பை மடித்து மறுபக்கம் திருப்பினாள். இருவர் சொல்வதும் அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. அதுதான் பெரிய தொல்லை. ஒருவன் பொய் சொன்னால் மற்றவன் பக்கம் சேர்ந்துவிடலாம்.

"ஹாரன் விஷயத்தப் பேசுங்க," என்றான் கட்டிலிலிருந்து கண்ணாடிக்காரன். அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். "மத்ததெல்லாம் அப்புறம். ஹாரன் அடிச்சாரா இல்லியா?"

"அடிக்கல," என்றார் டேங்கர்.

"ரெண்டு ஹாரன். குட்டை குட்டையா ரெண்டு. என் காதால கேட்டேன்."

"நான் ஹாரன்ல கைய வைக்கவே இல்ல மாப்ள. என் புள்ளைங்க மேல சத்தியம்."

இந்த இரண்டு ஹாரன் சமாச்சாரம் எழுத்தில் எங்கும் கிடையாது. அந்தச் சந்திப்பில் மட்டும், லாரிக்காரர்களும் சுமை சைக்கிள்காரர்களும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. இறக்கத்திலிருந்து சுமையோடு ஒரு சைக்கிள் வரும். அவன் பக்கம் சிவப்பு. நிற்க முடியாது. பெரிய சாலையில் வருகிற லாரிக்காரனுக்குப் பச்சை. ஆனாலும் அவன் வேகத்தைக் குறைத்து, குட்டையாக இரண்டு ஹாரன் அடிப்பான். உன்னைப் பார்த்துவிட்டேன், நீ போ என்று அர்த்தம். ஒருவேளை அடிக்காவிட்டால், சைக்கிள்காரன் உயிரைப் பிடித்துக்கொண்டு ஓரத்து மதிலில் சாய்ந்துவிடுவான். கண்ணாடி உடையும், ஆள் பிழைப்பான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. போலீஸ்காரருக்குக்கூடத் தெரியாது.

விபத்து நடந்த புதன்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு நடந்ததை முழுக்கப் பார்த்தவள் இஸ்திரிக்காரி மட்டும்தான். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாலையில் ஆள் இல்லை. அவள் கடைக்கு முன்னால் குழாய்க்காரர்கள் பள்ளம் தோண்டி அதற்குள் இறங்கியிருந்தார்கள்.

அண்ணன் தினமும் அவள் கடையைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பார். இரண்டு தடவை, குட்டையாக. தங்கச்சி, நான் போறேன் என்று அர்த்தம். அவள் கையில் எது இருக்கிறதோ அதோடு கையைத் தூக்கிக் காட்டுவாள். மூன்று வருஷப் பழக்கம். கடை சந்திப்பைத் தாண்டி நாற்பது அடி தள்ளி இருந்ததால், அந்த ஹாரனும் சந்திப்பைத் தாண்டித்தான் ஒலிக்கும். அதனால் இரண்டு ஏற்பாடும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டதே இல்லை.

அன்றைக்குப் பள்ளம் இருந்தது. லாரி கடை வரைக்கும் வர முடியாது, சந்திப்பிலேயே இடப்பக்கம் திரும்ப வேண்டும். அதனால் அண்ணன் சந்திப்பின் விளிம்பிலேயே ஹாரன் அடித்தார். அவளும் ஒரு வெள்ளை விரிப்போடு கையைத் தூக்கினாள். தூக்கியதோடு விடவில்லை. பள்ளம் இருக்கு, இந்தப் பக்கம் வராதே என்று விரிப்பை இடமும் வலமுமாக ஆட்டினாள். என்ன சொல்கிறாள் என்று புரியாமல் அண்ணன் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டு திருப்பினார். இறக்கத்தில் வந்த புருஷன், மச்சான் வண்டி, மச்சான் ஹாரன் என்று நம்பிக்கையாகப் பிரேக்கை விட்டான்.

கண்ணாடி உடைகிற சத்தம் முதலில் கேட்டது. அதற்கப்புறம் ஒரு நொடி எதுவும் கேட்கவில்லை. பின்சக்கரம் ஏறி இறங்கியபோது தண்ணீர் லாரி ஒரு பக்கமாக மெல்ல ஆடி நிமிர்ந்தது. ஒரு கண்ணாடித் துண்டு புருஷனின் தோளில் நட்டு வைத்ததுபோல நின்றது. மழைத் தண்ணீர் ஓடிய வாய்க்காலில் சிவப்பு ஓடியது. அவள் பள்ளத்தைத் தாண்டிக் குதித்து ஓடினாள். கையில் இருந்த விரிப்பாலேயே தொடையை இறுக்கிக் கட்டினாள்.

ஆஸ்பத்திரியில் யார் கேட்டாலும் அவள் சொன்னது ஒன்றுதான்: "நான் பாக்கும்போது விழுந்து கிடந்தாங்க." புருஷனிடமும் அதையே சொன்னாள். அண்ணனிடமும் அதையே. பதினெட்டு நாளாக அந்த வெள்ளை விரிப்பு அவள் கண்ணுக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

"மாப்ள," என்றார் டேங்கர். "ஆஸ்பத்திரியில உனக்கு ரத்தம் குடுத்தது யாரு? வாய் கிழிஞ்சு தொங்குது, என்ன அடிச்சுப் போட்டிருக்கானுங்க, அந்த நெலையில வந்து படுத்து ரத்தம் குடுத்தேன். நான் உன்னக் கொல்லப் பாப்பனா?"

"ஒரு கால எடுத்துக்கிட்டு ரெண்டு பாட்டில் ரத்தம் குடுத்தீங்க. ரொம்ப நல்ல வியாபாரம்."

"ஏய்!"

"வான்னு ஹாரன் அடிச்சீங்க. வந்ததும் ஏத்திட்டீங்க. இப்ப அடிக்கவே இல்லங்கறீங்க. பொட்டைத்தனமா இல்ல?"

டேங்கர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "குடிச்சிட்டு வந்து விழுந்தியோ என்னவோ, யாருக்குத் தெரியும்?"

ஊன்றுகோல் பறந்து வந்தது. தையல் போட்ட வாயிலேயே விழுந்தது. தையல் பிரிந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. டேங்கர் வாயைத் துடைக்கக்கூட இல்லை. இரண்டே எட்டில் கட்டிலை அடைந்து, தலையணை மேலிருந்த அந்தக் குறைக்காலைக் கட்டோடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்காரன் போட்ட கத்தலில் வாசலில் கிடந்த நாய் எழுந்து ஓடியது.

பெல்லு முக்காலியைப் பிடுங்கி டேங்கரின் முதுகில் இறக்கினான். முக்காலியின் ஒரு கால் உடைந்து கையோடு வந்தது. அதை வைத்தே மறுபடி இறக்கினான். கியர் பெல்லுவின் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் ஒரு முட்டு முட்டினார். இரண்டாவது முட்டில் சுண்ணாம்பு உதிர்ந்தது. மூன்றாவதில் ரத்தம் ஒட்டியது. அண்ணி, அதாவது டேங்கரின் மனைவி, தன் புருஷனின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவர் முழங்கை அவள் மூக்கில் பட்டது. அவள் மூட்டைகளின் மேல் மல்லாந்து விழ, மூட்டை அவிழ்ந்து, ஊரார் சட்டைகளெல்லாம் தரையில் சரிந்தன. அவற்றின்மேல் மூன்று ஆம்பிளைகள் மிதித்துக்கொண்டு சுற்றினார்கள்.

"விடுங்க! செத்துருவாரு, விடுங்க!" என்று இஸ்திரிக்காரி கத்தினாள். யார் காதிலும் ஏறவில்லை. புருஷன் அண்ணனின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அண்ணன் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போதும் குறைக்காலை விடவில்லை. கட்டுத் துணி நனைந்து சொட்டியது.

"அந்த ஹாரன் எனக்கு அடிச்சது!" என்றாள்.

இது மட்டும் ஏறியது.

"எனக்குத்தான் அடிச்சாரு. தினம் அடிக்கற மாதிரி. பள்ளம் இருந்துச்சு, அதனால முன்னாடியே அடிச்சாரு. நான் விரிப்ப ஆட்டினேன். என்னப் பாத்துக்கிட்டே திருப்பினாரு. நீங்க உங்களுக்குன்னு நெனச்சு எறங்கிட்டீங்க. எல்லாத்தையும் நான் பாத்தேன்."

புருஷனின் கைகள் கழுத்திலிருந்து தாமாகவே கழன்றன. அண்ணன் கட்டிலின் ஓரத்தில், தங்கை புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"அடிச்சேன்," என்றார் டேங்கர் மெதுவாக. ரத்தத்தோடு வார்த்தை வழுக்கியது. "ஆமா... அடிச்சேன். அது ஹாரன்னு எனக்குத் தோணவே இல்ல பாப்பா. அது... உன்னக் கூப்பிடறது."

கண்ணாடிக்காரன் மனைவியைப் பார்த்தான். "பதினெட்டு நாளா ஏன் சொல்லல?"

அவள் தரையில் கிடந்த ஒரு சட்டையை எடுத்து மேஜைமேல் போட்டாள்.

முதலில் சுதாரித்துக்கொண்டது பெல்லு. நெற்றி ரத்தம் கண்ணில் இறங்க, ஒற்றைக் கண்ணால் கியரைப் பார்த்தான். கியரும் அவனைப் பார்த்தார். சற்றுமுன் ஒருவன் மண்டையை ஒருவர் உடைத்த ஆட்கள்தான். ஆனால் அந்தப் பார்வையில் பெண்ணெடுத்துப் பெண்கொடுத்த சம்பந்திகளின் ஒற்றுமை இருந்தது.

"அக்கா," என்றான் பெல்லு. "இத நீங்க எழுதக் கூடாது. ரெண்டு ஹாரன் கதைய எழுதினீங்கன்னா, பத்து வருஷமா நாங்க அத்தனை பேரும் தெரிஞ்சே சிவப்புல போறோம்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி. நாளைக்கே பலகைய மாட்டிடுவான்."

"எங்களுக்கும் அதேதாம்மா," என்றார் கியர். "பச்சையில போற லாரிக்காரன், ரோட்டப் பாக்காம தங்கச்சியப் பாத்துச் சிரிச்சான்னு எழுதினா, அவன் லைசென்ஸ் மட்டுமா போவும்? ஹாரன் அடிச்சு வழி விடறவன் எல்லாரையும் தோண்டுவான்."

"அப்ப என்ன எழுத?"

கியர் தொண்டையைச் செருமினார். "நாய். குறுக்க ஒரு நாய் வந்துச்சு. ரெண்டு பேருமே அதுக்காக வண்டிய ஒடிச்சாங்க. யார் மேலயும் தப்பில்ல."

"ஆமா அக்கா, நாய்தான் நல்லது," என்றான் பெல்லு. "நாய்க்கு லைசென்ஸ் கேக்க மாட்டான்."

"எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு அந்த நாய்?"

"இடப்பக்கம்," என்றான் பெல்லு.

"வலப்பக்கம்," என்றார் கியர்.

இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதில் சிரிப்பு இல்லை.

"எழுதிடு பாப்பா," என்றார் டேங்கர். "நாய்ன்னு எழுதிடு. எல்லாரும் பொழச்சுக்குவோம். மாப்ளைக்கு நான் ஆயுசு பூரா செய்யறேன்."

இஸ்திரிக்காரி புருஷனைப் பார்த்தாள். அவன் ஈரமான கட்டுத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுதிவிடலாம் என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியதை மறைப்பதற்கில்லை. ஒரு நாய். நான்கு கால். யாருக்கும் சொந்தமில்லை.

"நாளைக்குக் காலையில அந்த எறக்கத்துல இன்னொருத்தன் எறங்குவான்," என்றாள். "அப்ப நாய் வருமோ வராதோ. ஹாரன் வரும். எவனோ எவளுக்கோ அடிப்பான், இவன் தனக்குன்னு நெனச்சுப் பிரேக்க விடுவான். அந்த வீட்லயும் வந்து நாய்ன்னு சொல்லுவீங்களா? நான் எழுதத்தான் போறேன்."

"எழுத மாட்ட," என்றார் அண்ணன். எழுந்து வந்தார்.

"எழுதுவேன்."

கன்னத்தில் விழுந்த அறையில் அவள் தலை அலமாரியில் இடித்தது. சின்ன வயசிலிருந்து அவர் அவளைத் தொட்டு அடித்ததில்லை. இது முதல் தடவை. காது அடைத்துக்கொண்டு கொய்யென்றது. அவள் நிமிர்ந்தபோது அண்ணன் இடது கையை மேஜைமேல் ஊன்றி, படிவத்தை உள்ளங்கைக்குள் கசக்கிக்கொண்டிருந்தார்.

அவள் கையில் இஸ்திரிப்பெட்டி இருந்தது. யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தாள் என்றும் சொல்ல முடியாது. எட்டு வருஷமாக எதன்மேல் வைக்கலாம், எத்தனை நொடி வைக்கலாம் என்று பழகிய கை. பெட்டியை அண்ணனின் புறங்கைமேல் வைத்தாள். வைத்து, எடுத்தாள்.

அவர் கத்தவில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. முதலில் ஒரு நாற்றம் வந்தது. அப்புறம்தான் சத்தம் வந்தது. கையை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்காலில் விழுந்தார். அவள் பெட்டியை அதன் தாங்கியில் நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்து, தெளிக்கிற சொம்பை எடுத்து அண்ணன் கைமேல் முழுவதையும் ஊற்றினாள். காலியானதும் உள்ளே போய்க் குடத்தோடு கொண்டுவந்து ஊற்றினாள்.

"எல்லாரும் போங்க," என்றாள். "என் வீட்ட விட்டுப் போங்க."

பதினொரு மணிக்கு வீட்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள். புதுக் கட்டுப் போட்டுக் கண்ணாடிக்காரன் கட்டிலில். ஆஸ்பத்திரிக்குத் தன் புருஷனோடு போக வேண்டிய அண்ணி போகவில்லை. டேங்கரைக் கியர் கூட்டிப் போனார், பெல்லுவையும் அதே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு. அண்ணி கிணற்றடியில் குந்தி ஓட்டல் விரிப்புகளில் பட்டிருந்த ரத்தத்தை உப்புப் போட்டுத் தேய்த்தாள். இஸ்திரிக்காரி பக்கத்தில் அலசினாள். நாலு விரிப்பு கொடிக்கயிற்றுக்குப் போயிற்று.

"இடது கைதான?" என்றாள் அண்ணி கடைசியில்.

"இடதுதான் அண்ணி."

"கியர் போடற கை."

"ம்."

"போடப் போறதில்லையே இனிமே. அந்த மட்டுக்குச் சரி." அண்ணி விரிப்பை முறுக்கிப் பிழிந்தாள். "லைசென்ஸ் போயிட்டா நாங்க என்ன பண்ணுவோம்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன் அண்ணி. தெரியல."

"எனக்கும் தெரியல." மூக்கிலிருந்து இறங்கியதைப் புறங்கையால் துடைத்தாள். "குளிர்ந்த தண்ணியிலயே அலசு. சுடுதண்ணி பட்டா கறை போவாது."

மதியம் மேஜையைத் துடைத்து, கசங்கிய படிவத்தை விரித்து, மெல்லிய சூட்டில் பெட்டியை ஒருமுறை ஓட்டி நேராக்கினாள். அப்புறம் எழுதினாள். எட்டாம் வகுப்பு வரை படித்த கை. எழுத்து குண்டு குண்டாக, கோட்டுக்குக் கீழே இறங்காமல் வந்தது. பள்ளம் எத்தனை அடி, விரிப்பு என்ன நிறம், ஹாரன் எத்தனை தடவை, யார் எங்கே பார்த்தார்கள் எல்லாவற்றையும் நடந்த வரிசையில் எழுதினாள். கடைசிப் பக்கத்தில், 'வேறு ஏதேனும் கூற விரும்பினால்' என்று அச்சடித்திருந்த இடத்தில் இப்படி எழுதினாள்:

'ஐயா, சிவப்பு என்றால் எல்லாரும் நிற்க வேண்டும். சைக்கிளும் நிற்க வேண்டும். என் கணவரும் நின்றிருக்க வேண்டும். ஆனால் கண்ணாடி கட்டிய சைக்கிள் நிற்க அந்த இடத்தில் ஒரு சாய்ப்புக் கம்பி கிடையாது. லாரிக்கு நிற்க பிரேக் இருக்கிறது. சுமை சைக்கிள்காரனுக்கு நிற்க ஒரு கம்பி வேண்டும். இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி நட்டுவிட்டு அதற்கப்புறம் அபராதம் போடுங்கள். அபராதத்தையும் வண்டி எத்தனை கனமோ அதைப் பார்த்துப் போடுங்கள். என் அண்ணன் கெட்டவர் அல்ல. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. அவர் பார்க்காததற்கு நான் ஆட்டிய விரிப்பும் காரணம்.'

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் புருஷனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கணவரும் நின்றிருக்க வேண்டும் என்ற இடத்தில் முகம் சுருங்கியது. ஆனால் மறுக்கவில்லை. முடிந்ததும் கண்ணைத் திறந்தான்.

"ஒரு வரிய எடுத்துடு," என்றான்.

"எது? உங்களப் பத்தி எழுதினதா?"

"அது இருக்கட்டும். நெஜந்தான. கடைசி வரி. விரிப்பு."

"ஏங்க?"

"படிக்கிறவன் உன்னத்தான் பிடிச்சுக்குவான். ரெண்டு ஆம்பிளைங்க பண்ணினதுக்கு, கைய ஆட்டின பொம்பளைன்னு ஊரே சொல்லும். எனக்குக் கால் போனா போவட்டும். அத எடுத்துடு."

பதினெட்டு நாளில் அவன் அவளோடு இப்படிப் பேசியது அப்போதுதான். அவள் அழுதுவிடுவோமோ என்று பயந்து காகிதத்தை மடித்தாள். "அத எடுத்தா மிச்சம் எல்லாம் நாய் கதை மாதிரி ஆயிடுங்க," என்றாள். அவன் அப்புறம் கேட்கவில்லை. கையை நீட்டி, அறைபட்டு வீங்கியிருந்த அவள் கன்னத்தை விரலால் தொட்டுவிட்டு எடுத்துக்கொண்டான்.

உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டினாள். ஒட்டிய இடத்தை நகத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நீவினாள்.

திங்கட்கிழமை காலை தபால் நிலையம் திறக்கிற நேரத்துக்குப் போனபோது படியில் அண்ணன் நின்றிருந்தார். இடது கை மணிக்கட்டு வரை கட்டு. வாய் வீங்கி ஒரு பக்கம் கோணியிருந்தது. பின்னால் கியரின் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என் பேரு இருக்கா?"

"இருக்கு. என் பேரும் இருக்கு."

அவர் வலது கையை நீட்டினார். உறையைக் கேட்கிற மாதிரி. அவள் உறையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவளிடம் இப்போது இஸ்திரிப்பெட்டி இல்லை. இரண்டு ஆட்களில் ஒருவன் ஒரு படி இறங்கினான். அண்ணன் நீட்டிய கையாலேயே அவனை மார்பில் தள்ளினார். அவன் தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்தான். அண்ணன் ஒதுங்கி நின்றார். அவள் உள்ளே போனாள்.

பதிவுத் தபால் ஜன்னலில் மூக்குக்கண்ணாடி போட்ட பெண் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்து, தராசில் போட்டு, எண் ஒட்டி, முத்திரையை மையில் ஒற்றி ஓங்கி அடித்தாள். மேஜை அதிர்ந்தது. ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, உறையைப் பின்னாலிருந்த சாக்குப் பைக்குள் எறிந்தாள்.

"அத இனிமே திருப்பி வாங்க முடியுமாங்க?" என்று இஸ்திரிக்காரியின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பல் போன இடத்தில் காற்றுப் போகிற குரல்.

"முடியாதுங்க," என்றாள் அந்தப் பெண், பையின் வாயைக் கயிற்றால் இறுக்கிக்கொண்டே. "முத்திரை விழுந்தாச்சு. அடுத்தது யாரு?"